‘நிச்சயமாகவா?’ என்று கேட்பதா, ‘செயல்தவிர்’ கொடுப்பதா?

அழிக்கும் பொத்தானை யாரும் தவறுதலாக அழுத்திவிடலாம். அதற்குக் காப்பாக மென்பொருள்களில் மூன்று வழிகள் புழங்குகின்றன: முன்கூட்டிக் கேட்கும் உறுதிப்பெட்டி, செய்த பிறகு மீட்கவிடும் செயல்தவிர், பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லும் பூட்டு. பெரும்பாலான அணிகள் முதலாவதையே எடுக்கின்றன. காரணம் எளிது, அதற்கு நிரலில் இரண்டு வரி போதும். ஆனால் மூன்றில் அதுதான் பலவீனமானது.

ஒரு நாளில் இருபது முறை ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டால், இருபத்தோராவது முறை கண் படிக்காது. விரல் மட்டும் ‘ஆம்’ என்ற இடத்துக்குப் போகும். அதைவிட மோசம், பெட்டியில் தகவலே இல்லாதது. 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அசல் தொகை வங்கிக்குள்ளேயே தங்க வேண்டுமானால் திரையில் மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும், ஒன்றைத்தான் நிரப்பினார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். மென்பொருளும் எச்சரித்தது: பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று. எவ்வளவு பணம் என்று மட்டும் அது சொல்லவில்லை. வட்டி வெளியே போகத்தானே வேண்டும்? தொடர்ந்தார்கள். அசலும் சேர்ந்து கிட்டத்தட்ட 90 கோடி டாலர் போய்விட்டது. அந்தப் பெட்டியில் தொகை ஒன்றை மட்டும் காட்டியிருந்தால், மூவரில் ஒருவராவது நின்றிருப்பார் என்றே நம்புகிறேன்.

எனவே பெட்டி வைத்தே தீர வேண்டுமென்றால், எண்ணையும் பெயரையும் அதில் போடுங்கள்: ‘“மார்ச் ரசீதுகள்” கோப்புறையும் அதிலுள்ள 214 கோப்புகளும் அழியும்.’ பொத்தான்களில் ‘ஆம்/இல்லை’ வேண்டாம், வினையை எழுதுங்கள். தமிழ்த் திரைகளில் அடிக்கடி தென்படும் கோளாறு இது: ‘ஆர்டரை ரத்து செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘ரத்து’, ‘சரி’ என இரண்டு பொத்தான்கள். எது ஆர்டரை ரத்து செய்யும், எது பெட்டியை மூடும்? ‘ஆர்டரை ரத்து செய்’, ‘ஆர்டர் இருக்கட்டும்’ என்று எழுதினால் குழப்பமே இல்லை.

செயல்தவிர் வேறு விதமாக யோசிக்கிறது. தவறு நடக்கும் என்று ஏற்றுக்கொண்டு, திரும்பி வர வழி வைக்கிறது. ஜிமெயிலில் அனுப்பிய மடலை நிறுத்த 5, 10, 20, 30 நொடிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். போன மடலை அது திரும்ப இழுப்பதில்லை. அந்த நொடிகள் வரை அனுப்பாமல் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வழி இல்லாததன் விலையை ஹவாய் 2018 ஜனவரி 13 அன்று கண்டது. பயிற்சியை நிஜமென்று நம்பிய ஊழியர், ஏவுகணை எச்சரிக்கையை அனுப்பினார். மென்பொருள் உறுதி கேட்டது. அவர் ஆம் என்றார். சரியென்று நம்புகிறவர் ஆம் என்றுதான் சொல்வார்! தவறான எச்சரிக்கை என்ற மறுப்புச் செய்தி கைபேசிகளுக்கு வர 38 நிமிடம் ஆனது, ஏனென்றால் அப்படியொரு செய்தி மென்பொருளில் தயாராக இல்லை.

செயல்தவிர் அமைப்பதில்தான் வேலை அதிகம், சறுக்கல்களும் அதிகம். ‘நீக்கு’ அழுத்தியதும் தரவுத்தளத்தில் நீக்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள். அந்தப் பதிவு இருக்கும் வரிசையை அப்போதே அழிக்காதீர்கள். 30 நாள் கழித்து ஒரு பின்னணி வேலை அதைத் துடைக்கட்டும். சிலர், ‘செயல்தவிர்’ பொத்தானுடன் திரையில் சில நொடி தோன்றும் பட்டை மறைந்த பிறகுதான் நீக்கும்படி சர்வருக்கே சொல்கிறார்கள். இடையில் செயலி மூடப்பட்டால் நீக்கிய பொருள் மறுநாள் அப்படியே நிற்கும். இன்னொரு சிக்கல்: குப்பையில் கிடக்கும் பதிவின் பெயரிலேயே புதிதாக ஒன்றை உருவாக்கப் போனால், ‘இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது’ என்று வரும். பெயர் தனித்திருக்க வேண்டுமென்ற விதி நீக்கப்படாதவற்றை மட்டும் பார்க்க வேண்டும்.

பட்டையின் நேரமும் முக்கியம். ஆண்ட்ராய்டில் ஸ்நாக்பார் எனப்படும் இந்தப் பட்டையின் ‘நீண்ட’ அளவே 2.75 நொடிதான், ‘உரையாடல் நீக்கப்பட்டது, செயல்தவிர்’ என்று படித்து விரலைக் கொண்டுபோவதற்குள் மறைந்துவிடும். பத்து நொடியாவது கொடுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கு அதுவும் பற்றாது, ஆகவே குப்பைத்தொட்டிப் பக்கமும் கட்டாயம் வேண்டும்.

திருப்ப முடியாதவற்றுக்கு மட்டும் மூன்றாம் வழி. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு களஞ்சியத்தை (ஒரு திட்டத்தின் கோப்புத் தொகுப்பை) அழிக்க அதன் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். கை வேகம் அங்கே தடைப்படுகிறது. அன்றாட வேலைக்கு வைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். தமிழ்ப் பெயர்களுக்கு இதை வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியையும் (ெ) துணைக்காலையும் (ா) தனித்தனியாக வைத்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், நிரலுக்கு வேறு வேறு. ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்தையும் இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றாவிட்டால், ‘கொள்முதல்’ என்று சரியாக எழுதியவருக்கும் பொத்தான் திறக்காது.