தேர்வுக் குழுவா, பிரைமரியா: வலதுசாரிப் பெண் வேட்பாளருக்கு எது கடினம்?

பிரிட்டனில் கன்சர்வேடிவ் பெண்ணின் முதல் தடை தொகுதித் தேர்வுக் குழு, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்ளூர்க் குழு. அமெரிக்காவில் ரிபப்ளிகன் பெண்ணுக்கு அது பிரைமரி, அதாவது கட்சிக்குள் நடக்கும் முன்தேர்தல்.

பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சரையே பாருங்கள். 1950, 1951 இரு முறையும் லேபர் கட்சியின் கோட்டையான டார்ட்ஃபோர்டில் தோற்றார். 1953இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பிறகு, ஜெயிக்கக்கூடிய தொகுதி கேட்டுப் போன இடங்களில், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விதான் முன்னால் வந்து நின்றது. குடும்பத்தைப் போற்றும் கட்சியில் அந்தக் கேள்வி இன்னும் ஆழமாகக் குத்தும். ஃபின்ச்லியில் நின்று எம்.பி. ஆனது 1959இல்தான்.

ஆனால் குழுவைக் கட்சி மேலிடம் அசைத்துப் பார்க்கலாம். 2005இல் பின்னாளில் பிரதமரான தெரசா மேயும், அதே கட்சியின் ஆன் ஜென்கினும், பெண் வேட்பாளர்களுக்கு உதவும் ‘விமன் டு வின்’ அமைப்பைத் தொடங்கியபோது கட்சியில் பெண் எம்.பி.க்கள் 17 பேர். 2010இல் 40ஐத் தாண்டினார்கள்.

அமெரிக்காவில் பிரைமரி வாக்காளர்கள்மேல் கட்சி மேலிடத்துக்கு அந்தப் பிடி கிடையாது. பெண் என்றாலே மிதவாதியாக இருப்பார் என்ற சந்தேகம் பிரைமரி வாக்காளரிடம் உண்டு. அதைக் கலைக்க ஆரம்பத்திலேயே பணம் வேண்டும். டெமாக்ரடிக் பெண்களுக்கு அப்படிப் பணம் திரட்டித் தர 1985 முதல் எமிலிஸ் லிஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது. 2018இல் பிரதிநிதிகள் சபைக்கு வென்ற ரிபப்ளிகன் பெண்கள் 13 பேர்தான். அதன் பிறகு அச்சபையின் ரிபப்ளிகன் உறுப்பினர் எலிஸ் ஸ்டெஃபானிக், தன் கட்சிப் பெண்களுக்குப் பிரைமரியிலேயே கைகொடுக்கத் தொடங்கினார். 2020இல் அந்த எண்ணிக்கை இரட்டிப்பைத் தாண்டியது.

எனக்கு அமெரிக்க வாசலே கடினமாகப் படுகிறது. குழுவின் கேள்விக்கு நேருக்கு நேர் பதில் சொல்லலாம். வாக்காளர் மனதுக்குள் வைத்திருக்கும் சந்தேகத்துக்கு எங்கே போய்ப் பதில் சொல்வது?