முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: பதிவு முதல் அறுவைச் சிகிச்சை வரை எங்கள் அனுபவம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் என் அம்மாவையும் அக்கா குடும்பத்தையும் மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பதிவு செய்தோம். அடுத்த ஆண்டே அந்த அட்டையில் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. அட்டை இல்லாமல் பட்ட பாடும், அட்டை இருந்ததால் தப்பித்ததும் ஒரே வீட்டில் நிகழ்ந்ததால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அட்டை இல்லாத கதை. அக்காவின் கணவர் செல்லூரில் சொந்தமாக ஷேர் ஆட்டோ ஓட்டி வந்தார். ஓர் இரவு நெஞ்சுவலி வந்தபோது பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக முடிந்தது. ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிய பிறகே ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியபோது செலவு இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டியிருந்தது. அக்காவின் எட்டுப் பவுன் அடகுக்குப் போனது. அதுவும் போதாமல் ஆட்டோவையே விற்றார்கள். இன்று அவர் நாளொன்றுக்கு 350 ரூபாய் வாடகை கொடுத்து வேறொருவரின் ஆட்டோவை ஓட்டுகிறார். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒரு நாளும் விடக்கூடாது என்று மருத்துவர் வற்புறுத்தியிருந்த ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டிருக்கிறார். அதைச் சில வாரங்கள் கழித்து அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று நான் அடைந்த பயத்தை இன்னும் மறக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் குடும்பம் இந்தத் திட்டத்துக்குத் தகுதியானது. பிறகு ஏன் அட்டை இல்லை? உசிலம்பட்டியிலிருந்து தனிக்குடித்தனம் வந்தபோது மாமனார் வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து பெயர்களை நீக்கியவர்கள், புதிய குடும்ப அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. குடும்ப அட்டை இல்லையென்றால் காப்பீட்டு அட்டையும் இல்லை. வருமானச் சான்றுக்கு ஒரு நாள், ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நாள் என்று அலைந்தால் இரண்டு நாள் வருமானம் போகும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். காப்பீடு இல்லாத குடும்பங்களை அறியாமை என்ற ஒற்றைச் சொல்லால் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். திட்டம் இருப்பது அவர்களுக்குத் தெரியும். அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நிற்பதுதான் அவர்களுக்கு முடியாத காரியம்.

பிறகு அக்கா வீட்டுக்கும் புதிய குடும்ப அட்டை வாங்கினோம். பதிவின்போது குடும்ப அட்டை, அனைவருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றைக் கொண்டுபோனோம். அம்மா நாற்பது ஆண்டுகள் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். விரல் நுனிகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டதால் கைரேகைக் கருவி அவருடைய விரலை ஏற்கவே இல்லை. அங்கிருந்த பெண் ஊழியர் சலித்துக்கொள்ளாமல், ஈரத்துணியால் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மறுபடியும் மறுபடியும் வைத்துப் பார்த்தார். கடைசியில் இடது கை மோதிர விரல் பதிந்தது. அந்தப் பொறுமைக்காக அவருக்கு என் நன்றி.

குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவை அரசு இராசாசி மருத்துவமனையில் சேர்த்தோம். அட்டையின் நகலைக் கொடுத்ததும் மருத்துவமனையே ஆவணங்களை அனுப்பி அனுமதி பெற்றுக்கொண்டது. அறுவைச் சிகிச்சைக்கோ உள்ளே பொருத்திய உலோகத்துக்கோ எங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. சாப்பாடும் ஆட்டோவும் மட்டுமே எங்கள் செலவு.

2012இல் தொடங்கி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட இதில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கும் காத்திருப்புக் காலம் கிடையாது. என் கணிப்பில் இதன் மிகப் பெரிய பலம் இந்தக் கடைசி அம்சம்தான். நான் எனக்காக எடுத்திருக்கும் தனியார் பாலிசியில் சர்க்கரை நோய்க்கு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளுக்கும் மட்டுமே இது செல்லும். மாதந்தோறும் கடையில் வாங்கும் மாத்திரைக்கு உதவாது. எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, குடும்பத்தின் ஆண்டு வருமானத்துக்கான வரம்பு. முன்பு 72,000 ரூபாயாக இருந்ததை 2022இல் 1,20,000 ஆக உயர்த்தினார்கள் என்றாலும், கணக்குப் பார்த்தால் அது மாதம் பத்தாயிரம்தான். மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் ஜவுளிக்கடை ஊழியருக்கு இந்த அட்டையும் கிடையாது, தனியார் பாலிசிக்கு ஆண்டுதோறும் பிரீமியம் கட்டவும் வழியில்லை. 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிகளுக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை நீக்கியது நல்ல காரியம். ஆனாலும் குடும்பத்தில் ஒரு முதியவர் இருந்தாலே தொகை எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. இந்த இடைப்பட்ட குடும்பங்களுக்காக வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும்.

தகுதி உள்ளவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே பதிந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். வரும் தையில் அக்காவின் மூத்த மகளுக்குத் திருமணம். எங்கள் குடும்ப அட்டையில் பெயரை நீக்கும் கையோடு உங்கள் அட்டையில் சேர்த்துவிட வேண்டும் என்று அக்கா இப்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.