ஷூஃப்ளை பை: ஈர அடியா, உலர் அடியா?

மாவு ஓட்டுக்குள் மொலாசஸ் என்னும் கரும்புப் பாகை ஊற்றிச் சுடும் அமெரிக்க இனிப்புதான் ஷூஃப்ளை பை. இதன் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று ஈர அடி. வெட்டினால் அடியில் மாவு ஓடு, அதன்மேல் பிசுபிசுவென்று கருஞ்சிவப்புப் பாகு, அப்புறம் மெத்தென்ற கேக், உச்சியில் மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் பிசிறிய உதிரி. மற்றது உலர் அடி. ஓட்டுக்குள் முழுக்க முழுக்கக் கேக்தான். கையில் எடுத்துக் காபியில் முக்கித் தின்னலாம். இரண்டுக்கும் தாய்வீடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் தென்கிழக்கு மூலை: லான்காஸ்டர், பெர்க்ஸ் மாவட்டங்களும் அக்கம்பக்கமும். அங்கே குடியேறிய ஜெர்மன் மொழிக்காரர்களின் வழிவந்தவர்களைத்தான் பென்சில்வேனியா டச்சு என்கிறார்கள். சுற்றுலாக் கடைகள் இதை ஆமிஷ் என்ற எளிய வாழ்க்கைக் கிறிஸ்தவப் பிரிவினரின் பலகாரம் என்று விற்கின்றன. அது பாதி உண்மைதான். அந்தக் குடியேறிகளில் ஆமிஷும் அவர்களுக்கு நெருங்கிய மென்னோனைட் பிரிவினரும் சிறுபான்மை. லூத்தரன், ரிஃபார்ம்டு என்ற புராட்டஸ்டன்ட் சபையினரே அதிகம். அவர்கள் வீடுகளிலும் இந்தப் பை உண்டு.

எது மூத்தது என்று சண்டை வந்தால் நான் உலர் அடி பக்கம். உணவு வரலாற்றாசிரியர் வில்லியம் வாய்ஸ் வீவர் இதன் பூர்வீகமாகக் காட்டுவது ஓடே இல்லாத ஒரு கேக்கை. 1876இல் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டை ஒட்டிப் பரவிய அதற்கு சென்டென்னியல் கேக் என்று பெயர். மாவு ஓடு பிற்பாடுதான் வந்தது. ஓடு வந்த பிறகு தட்டும் முள்கரண்டியும் இல்லாமலே காலைக் காபியோடு சாப்பிட வசதியாயிற்று. ஆக, ஓட்டுக்குள் கேக் என்பதே பழைய வடிவத்துக்கு நெருக்கம். இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: இந்தப் பை உப்புவது சமையல் சோடாவால். அமெரிக்காவில் சோடா கடைச்சரக்காகப் பரவியது 1840களுக்குப் பிறகு. 18ஆம் நூற்றாண்டுக் குடியேறிகள் கப்பலிலிருந்து இறங்கியதும் இதைச் சுட்டார்கள் என்று யாராவது கதை சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

பொருள்கள் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே: மைதா, பழுப்புச் சர்க்கரை, கொழுப்பு, மொலாசஸ், வெந்நீர், சோடா. பழம் ஒன்றும் கிடையாது. குளிர்காலம் முடியும் தறுவாயில், சேமித்த ஆப்பிளும் தீர்ந்து புதுப் பழமும் வராத நாட்களில், அலமாரியில் எப்போதும் இருக்கும் சரக்கை வைத்துச் சுட்ட பை இது. வித்தியாசம் அளவிலும், ஈர அடியில் மட்டும் சேரும் முட்டையிலும், கடைசி ஒரு நிமிடக் கைவேலையிலும்தான்.

23 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்கு நான் கணக்கு வைப்பது இப்படி. ஈர அடிக்கு மைதா 1 கப், பழுப்புச் சர்க்கரை 2/3 கப், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி. மூன்றையும் விரல் நுனியால் பிசிறிப் புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். பாகுக்கு மொலாசஸ் 1 கப், வெந்நீர் 3/4 கப், சோடா 1 தேக்கரண்டி, முட்டை 1. பாகை ஓட்டில் ஊற்றி, உதிரியை மேலே தூவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கிளறக் கூடாது. மேலிருக்கும் உதிரி பாகைக் கொஞ்சம் உறிஞ்சிக் கேக்காகும். அதற்கு எட்டாத பாகு முட்டையின் தயவில் அடியில் திரண்டு நிற்கும்.

உலர் அடிக்கு மாவு கூடும், பாகு குறையும். மைதா 1 1/2 கப், சர்க்கரை 1/2 கப், வெண்ணெய் 1/4 கப். மொலாசஸ் 1/2 கப், வெந்நீர் 3/4 கப், சோடா 1/2 தேக்கரண்டி. முட்டை வேண்டாம். உதிரியில் ஒரு கைப்பிடியை மேலே தூவ எடுத்துவைத்துவிட்டு மீதியைப் பாகோடு கலந்துவிட வேண்டியதுதான். முட்டை சாப்பிடாத வீட்டுக்கு வேறு யோசனையே தேவையில்லை, இதுதான்.

அடுப்பு இரண்டுக்கும் முதல் 10 நிமிடம் 200 டிகிரி செல்சியஸ், பிறகு 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். உலர் அடியில் குச்சி விட்டுப் பார்க்கலாம், ஒட்டாமல் வந்தால் வெந்தது. ஈர அடியில் குச்சிச் சோதனை எடுபடாது. குச்சி எப்போதும் பாகோடுதான் வரும். தட்டை லேசாக அசைத்தால் ஓரம் நிலைத்து நடு மட்டும் சற்றே ஆட வேண்டும்.

சோடாவை இரண்டிலும் மதித்து நடக்க வேண்டும். மொலாசஸில் இயல்பாகவே புளிப்புத்தன்மை உண்டு. சோடா அதில் பட்டதும் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு எழும். பெரிய கிண்ணமாக எடுக்காவிட்டால் மேடையெல்லாம் பாகு வழியும். நுரைத்த பாகை ஆற அமர வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் வாயு வெளியேறிப் பை தட்டையாகிவிடும். ஆனால் ஈர அடிக்கு இங்கே ஒரு சங்கடம்: கொதிக்கும் பாகில் முட்டையை விட்டால் அது அங்கேயே வெந்து திரியும். அதனால் முட்டையை முதலில் மொலாசஸில் அடித்துக் கலந்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சோடாவைக் கடைசியில் சேர்த்து, உடனே ஓட்டில் கவிழ்ப்பது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கட்சியைச் சொல்கிறேன். எந்த அடி என்பதை உங்கள் கையில் இருக்கும் மொலாசஸ்தான் முடிவு செய்ய வேண்டும். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சுவது மொலாசஸ். முதல் காய்ச்சலில் வருவது வெளிர் ரகம், இரண்டாவதில் கரு ரகம், மூன்றாவதில் பிளாக்ஸ்ட்ராப். ஒவ்வொரு சுற்றிலும் இனிப்பு குறையும், கசப்பும் உப்புக்கரிப்பும் ஏறும். ஈர அடியில் பாகு தன்னந்தனியாக ஓர் அடுக்காக நிற்பதால் அதன் குணம் ஒளிவுமறைவில்லாமல் நாக்கில் படும். அதற்கு வெளிர் ரகம்தான் சரி. கரு ரகம் மட்டுமே இருந்தால் பாதிக்குப் பாதி கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு) கலக்கலாம். இப்படி வேறொரு சிரப்பை மொலாசஸோடு கலப்பது பென்சில்வேனிய வீடுகளிலேயே உள்ள பழக்கம். உலர் அடியில் மாவு பாகைக் குடித்துக் கசப்பை அமுக்கிவிடுகிறது, அதனால் கரு ரகம் தாராளமாகத் தாங்கும். சொல்லப்போனால் வெளிர் ரகத்தில் சுட்ட உலர் அடி கொஞ்சம் சப்பென்று இருக்கும். பிளாக்ஸ்ட்ராப் இரண்டுக்கும் ஆகாது, யார் என்ன சொன்னாலும். புட்டியில் கந்தகம் சேர்க்காதது என்று போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்த்ததில் ஒரு வேதி வாடை அடிக்கும்.

நம் ஊர்ச் சமையலறையில் அடுத்த கேள்வி தானாக வரும்: வெல்லப்பாகு ஊற்றினால் என்ன? ஊற்றலாம், ஆனால் கிடைப்பது வேறொரு பை. வெல்லத்தில் சர்க்கரை பிரிக்கப்படாமல் முழுசாக இருக்கிறது. மொலாசஸின் அந்தக் கசப்பு அதில் வராது. ஆறியதும் பூத்து மணல்மணலாகவும் வாய்ப்புண்டு, ஈர அடியில் அது பளிச்சென்று தெரியும். புளிப்பும் போதாததால் சோடா முழுதாக வேலை செய்யாமல் சவுக்காரச் சுவை தட்டும். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு அதைச் சரிக்கட்டும். எனவே மாற்றுப் பாகு என்றால் உலர் அடியோடு நின்றுகொள்ளுங்கள். கருப்பட்டி வெல்லத்தைவிட நன்றாக ஒத்துவரும், அதன் கருகல் வாசம் மொலாசஸுக்கு ஓரளவு பக்கத்தில் வருகிறது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு மட்டும் வேண்டாம். அது எரிசாராயத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போவது.

மாவு ஓட்டில் பன்றிக் கொழுப்பா வெண்ணெயா என்றொரு வழக்கு தனியாக ஓடுகிறது. பழைய வழக்கம் பன்றிக் கொழுப்பு; ஓடு அடுக்கடுக்காக உதிரும். வெண்ணெயில் வாசம் கூடுதல். ஈர அடிக்கு எதுவானாலும் ஓடு நமுத்துப்போகும் அபாயம் உண்டு. கனத்த இரும்புத் தட்டை அடுப்பின் கீழ்த்தட்டில் முன்கூட்டியே சூடாக்கி அதன்மேல் பையை வைத்தால் அடி சீக்கிரம் வெந்துவிடும்.

ஷூஃப்ளைக்குப் பங்காளிப் பைகள் இரண்டு. அதே பென்சில்வேனியாவின் மான்ட்கோமரி பையில் அடியில் எலுமிச்சை சேர்ந்த பாகு, மேலே உதிரிக்குப் பதில் கேக் மாவு. இங்கிலாந்தின் ட்ரீக்கிள் டார்ட்டில் கோல்டன் சிரப் என்ற பொன்னிறச் சர்க்கரைப் பாகும் ரொட்டித் தூளும். சோடாவே இல்லாததால் அது உப்பாது. இனிப்பில் இரண்டும் ஷூஃப்ளைக்குச் சளைத்தவை அல்ல, ஆனால் அந்தக் கருத்த ஆழம் அவற்றில் கிடையாது.

சாப்பாட்டு நேரத்திலும் இரண்டும் வேறு வேறு. உலர் அடி காலைப் பலகாரம், சர்க்கரை போடாத காபியோடு. ஈர அடிக்கு மேலே அடித்த கிரீமோ வெனிலா ஐஸ்கிரீமோ இருந்தால்தான் இனிப்பு திகட்டாது. அதைச் சூட்டோடு வெட்டினால் பாகு தட்டெங்கும் ஓடிவிடும். மூன்று நான்கு மணி நேரமாவது ஆற விடுங்கள். வைத்துச் சாப்பிடுவதில் உலர் அடி கெட்டி: மூடிவைத்தால் இரண்டு நாள் வெளியிலேயே நிற்கும். ஈர அடியில் முட்டை இருப்பதால் நம் ஊர் வெயிலுக்கு மறுநாளே குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும், எடுத்துச் சாப்பிடும்போது லேசாகச் சுட வைத்தால் பாகு மறுபடி இளகும்.