உதவித்தொகையா, பள்ளியா: ஜோர்தானின் சிரிய அகதிச் சிறுமிகளுக்கு எது காப்பு?

2013இல் ஜோர்தானில் பதிவான சிரியர் திருமணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் மணப்பெண்ணுக்கு 18 வயது நிரம்பவில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் 16 வயதில் நீதிமன்ற அனுமதியோடு மணம் முடிக்க இடம் விட்டிருப்பதால், இளவயது மணத்தைத் தடுக்கக் குடும்பத்துக்குப் பண உதவியா, சிறுமிக்குப் பள்ளியா என்ற கேள்வி முக்கியமாகிறது.

வேகம்: வாடகை பாக்கிக்கு அஞ்சி மகளைக் கட்டிக்கொடுக்கத் துணியும் வீட்டுக்கு மாத உதவித்தொகை உடனே கைகொடுக்கும். பள்ளியின் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும்.

நீடிப்பு: தொகை நின்றால் பழைய நெருக்கடி திரும்பிவிடும். படிப்போ சிறுமியிடமே தங்கிவிடும்.

எளிமை: பணத்தை வங்கி அட்டை வழியே கொடுத்துவிடலாம். பள்ளிதான் கடினம்: அரசுப் பள்ளிகளில் சிரியப் பிள்ளைகளுக்கென நடக்கும் பிற்பகல் வகுப்பு முடிந்து, குளிர்கால மாலையில் இருட்டும் வேளையில் மகள் தனியே நடந்து வர வேண்டுமே என்ற அச்சத்திலேயே பெற்றோர் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வேன் ஏற்பாடு செய்வது பாடநூலுக்கு இணையான தேவை என்றே நான் கருதுகிறேன்.

கடனில் மூழ்கி, வரன் பேசத் தொடங்கிவிட்ட குடும்பத்துக்கு முதலில் பணம் வேண்டும். 12 வயதில் இன்னும் வகுப்பில் இருப்பவளுக்குப் பள்ளியும் பாதுகாப்பான பயணமும் வேண்டும்.