சாலையில் ஜெயித்தது, பொருளாதாரத்தில் திணறியது: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2 நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

முதல் பாகம் வந்தது 2015 மார்ச்சில். இரண்டாவது வந்தது 2023 அக்டோபர் 24-ஆம் தேதி. இந்த எட்டரை ஆண்டுகளில் நகரம் கட்டும் விளையாட்டு என்றாலே சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்று ஆகிவிட்டது. அதனால் இரண்டாவதிடம் ஆட்டக்காரர்கள் எதிர்பார்த்ததும் மலையளவு. வெளியான வாரத்தில் எழுதப்பட்ட விமர்சனங்களில் பாதிக்கு மேல் இன்று செல்லாது. திட்டியவர்கள் திட்டிய பலவும் சரிசெய்யப்பட்டுவிட்டன. சரியாகாதவை வேறு இடத்தில் இருக்கின்றன.

வாங்கலாமா என்று கேட்பவருக்கு நேரடியாகவே சொல்லிவிடலாம். சாலை போடுவதிலும் ஊரை வடிவமைப்பதிலும் ஆசை உள்ளவருக்கு, கையில் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால், இது முதல் பாகத்தை மறக்கடித்துவிடும். வரவு செலவு பார்த்து ஊரை நடத்துவதில்தான் சுகம் என்பவருக்கு முக்கால் திருப்தி. அலுவலக மடிக்கணினியில் ஓட்ட நினைப்பவர் முதல் பாகத்திலேயே இருந்துவிடலாம். அது இன்னும் நல்ல விளையாட்டுதான்.

கணினிக் கதையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் பலருக்கு முடிவே அதில்தான் இருக்கிறது. குறைந்தபட்சத் தேவையாகத் தயாரித்தவர்கள் சொல்வது 8 ஜிபி நினைவகம், ஜிடிஎக்ஸ் 970 கார்டு. பரிந்துரைப்பது 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3080. முதலில் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ என்று போட்டிருந்ததை வெளியீட்டுக்கு முன்பே உயர்த்தினார்கள். அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. குறைந்தபட்சத்தை வைத்துக்கொண்டு தொடங்கலாம், ஆனால் ஊர் வளர்ந்ததும் மூச்சு வாங்கும். நீட்டிப்புகளும் (ஆட்டக்காரர்கள் செய்து தரும் மாட்கள்) சேர்த்து ஆடுவதாக இருந்தால் 32 ஜிபி நினைவகம் போட்டுவிடுவது நல்லது. கார்டு மாற்றுவதைவிட இது மலிவு, பலனும் உடனே தெரியும்.

வட்டில் 60 ஜிபி இடம் கேட்கிறது. பட்டணத்தில் ஃபைபர் இணையம் இருப்பவருக்கு 30 எம்பிபிஎஸ் வேகத்தில் அவ்வளவையும் இறக்க நாலரை மணி நேரம் ஆகும். உள்ளே தோட்டப்புறத்தில் கைப்பேசி டேட்டாவை நம்பி இருப்பவர் அந்த வழிக்கே போக வேண்டாம். ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் நண்பரின் கணினியிலிருந்து, விளையாட்டை விற்று இறக்கித் தரும் ஸ்டீம் மென்பொருளின் 'காமன்' கோப்புறையில் உள்ள விளையாட்டை வெளிவட்டில் நகலெடுத்து, நம் கணினியில் அதே இடத்தில் ஒட்டிவிட்டு 'இன்ஸ்டால்' அழுத்தினால், ஸ்டீம் இருப்பதைச் சரிபார்த்து விடுபட்டதை மட்டும் இறக்கிக்கொள்ளும். விளையாட்டை அவரவர் தனியாக வாங்கியிருக்க வேண்டும், அது வேறு. எஸ்எஸ்டியில் வையுங்கள், பழைய சுழல்வட்டில் வைத்தால் ஊர் திறப்பதற்குள் சலிப்பு வந்துவிடும்.

வெளியான நாளில் இது ஏன் அப்படித் திணறியது என்பதற்குப் பிரபலமான உதாரணம் ஒன்று உண்டு. ஊரில் நடமாடும் குட்டி மனிதர்களின் உருவத்தில் வாய்க்குள் பல்வரிசை வரை செதுக்கப்பட்டிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது காட்ட வேண்டிய எளிய வடிவம் அவர்களுக்குச் செய்யப்படவில்லை. எறும்பளவு கூடத் தெரியாத ஆளுக்கும் கார்டு பல்லை எண்ணிக்கொண்டிருந்தது. இதுபோன்ற பலதைப் பின்னால் திருத்தினார்கள். ஆனாலும் அமைப்புகளில் கை வைக்காமல் ஆடக்கூடாது. 'டெப்த் ஆஃப் ஃபீல்டு' அணைத்துவிடுங்கள். 'வால்யூமெட்ரிக்ஸ்' அணையுங்கள் அல்லது ஆகக் குறைவுக்குக் கொண்டுவாருங்கள். 'குளோபல் இல்லுமினேஷன்', 'மோஷன் பிளர்' இரண்டும் வேண்டாம். திரைத் தெளிவு 1080-ல் இருக்கட்டும். இதற்குப் பிறகும் போதாவிட்டால்தான் 'லெவல் ஆஃப் டீட்டெயில்' குறைக்க வேண்டும், ஏனென்றால் அதைக் குறைத்தால் தூரத்துக் கட்டடங்கள் கண்ணெதிரே உருமாறும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்வது ஒன்று. படம் தடுக்கித் தடுக்கி வருவது வேறு, ஊரின் கடிகாரமே மெதுவாக ஓடுவது வேறு. எது என்று கண்டுபிடிக்க ஆட்டத்தை நிறுத்திவைத்து கேமராவை நகர்த்திப் பாருங்கள். நிறுத்திய நிலையிலும் தடுக்கினால் குற்றம் கிராஃபிக்ஸ் கார்டில். மேலே சொன்ன அமைப்புகள் உதவும். படம் நன்றாக ஓடி, மூன்றாம் வேகத்தில் வைத்தும் ஊர் ஆமையாக நகர்ந்தால் சிக்கல் செயலியில் (சிபியு). அதற்கு எந்தப் பட அமைப்பும் மருந்தாகாது. மக்கள்தொகை லட்சத்தை நெருங்கும்போது இது தலைகாட்டும். அதிகக் கோர் உள்ள செயலி இருந்தால் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆகவே சாதாரணக் கணினிக்காரருக்கு ஒரே யோசனை: பெருநகரம் கட்டாதீர்கள், சிற்றூர் கட்டுங்கள். இந்த விளையாட்டு சிற்றூரில்தான் அழகு.

தகரக் கூரை வீட்டில், குளிரூட்டி இல்லாத அறையில் ஆடுபவர் கார்டின் இயக்கியில் (டிரைவர்) படவேகத்தை விநாடிக்கு 30 படத்துக்கோ 40-க்கோ கட்டிப்போட வேண்டும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டாலே வித்தியாசம் புரியும். தயாரித்தவர்களே இலக்காகச் சொன்னது 30-தான். சுட்டுத்தள்ளும் விளையாட்டு அல்ல இது, அது போதும்.

இனி நல்ல விஷயத்துக்கு வருவோம். சாலை.

முதல் பாகத்தில் வண்டி கிளம்பும்போதே வழியை முடிவு செய்துவிடும். ஆறு தட சாலையில் ஐந்து தடம் காலியாகக் கிடக்க, லோரிகள் எல்லாம் ஒரே தடத்தில் அடுத்த சந்தி வரை வால் பிடித்து நிற்கும். அதிக நேரம் மாட்டிக்கொண்ட வண்டி மாயமாக மறைந்துவிடும். இரண்டாம் பாகத்தில் ஒவ்வொருவரும் வழி தேடும்போது நாலு விஷயம் பார்க்கிறார்கள்: நேரம், வசதி, பணம், நடத்தை. பதின்ம வயதினருக்குக் காசு முக்கியம், வேலைக்குப் போகும் வயதினருக்கு நேரம், முதியவருக்கு வசதி. நெரிசலைப் பார்த்துத் தடம் மாறுகிறார்கள். காரை நிறுத்த நிஜமாகவே இடம் தேடுகிறார்கள். கடைவீதியை ஒரு வட்டாரமாகப் பிரித்து, சாலையோரம் நிறுத்தக் கட்டணம் விதித்துப் பாருங்கள்; கார்கள் பின்தெருவுக்கு நகர்ந்து, மக்கள் அங்கிருந்து நடந்து வருவது கண்ணுக்குத் தெரியும். எடுத்த முடிவுக்குத் தெருவில் பதில் கிடைக்கிறது. முதல் பாகத்தில் நீட்டிப்புகளை அடுக்கினால்கூட இந்த அளவுக்கு வராது.

குறையும் இந்த இடத்திலேயே இருக்கிறது. சாலை நடுவில் திடீரென்று கார் திரும்பிக்கொண்டு பின்னால் வருவதையெல்லாம் நிறுத்தும். அடுத்த சந்தி தூரமாக இருந்தால், விதியை மீறித் திரும்புவதுதான் கணக்கில் மலிவாக வருகிறது, அதுதான் காரணம். நீளமான சாலையில் இடையிடையே ஒரு சுற்றுச்சந்தி வையுங்கள். சந்தியின் மேல் அழுத்தினாலே சுற்றுச்சந்தி அமர்ந்துவிடும், முன்புபோல் கையால் வளைத்து வரையத் தேவையில்லை. அதற்கும் அடங்காத சந்திக்கு 'டிராஃபிக்' என்ற நீட்டிப்பு: எந்தத் தடத்திலிருந்து எந்தத் தடத்துக்குப் போகலாம் என்று கோடு இழுத்துக் காட்டிவிடலாம்.

மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் சாலைக்கடியிலேயே வந்துவிடுகின்றன. சின்ன மாற்றம்போலத் தெரியும், ஆனால் பட்டணத்திலிருந்து தள்ளி ஒரு குடியிருப்பு வைக்கும்போது அருமை புரியும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே சாலையை நம்பி ஊர் முழுக்க மின்சாரம் போனால் அந்தக் கம்பி தாங்காது, நெருக்கடிச் சின்னம் எழும். இரண்டாவதாக ஒரு மின்மாற்றியை ஊரின் மறுகோடியில் வையுங்கள். நிலத்தடி நீர் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலையோ குப்பைமேடோ வைத்தால் மாசு நீரில் இறங்கி மக்கள் நோய்ப்படுவார்கள்.

நம்மூர் மாதிரி ஒன்றைக் கட்ட நினைப்பவருக்குச் சில குறிப்புகள். புதிய ஊர் தொடங்கும்போதே இடப்பக்கப் போக்குவரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏறுபாதை, இறங்குபாதை எல்லாம் அந்தப் பக்கத்தை வைத்தே அமைய வேண்டும், பிறகு வருந்திப் பயனில்லை. ஊரை ஊடறுத்துப் போகும் ஒரே பெரிய சாலை, அதை ஒட்டித் தண்டவாளம், இருபுறமும் கடை வரிசை, பின்னால் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு), அதற்கும் அப்பால் தோட்டம் என்ற நம் அமைப்பு இந்த விளையாட்டில் அழகாக வருகிறது. ஆனால் எல்லா லோரியும் அந்த ஒரே சாலையில்தான் வரும். தோட்டத்துக்கும் ஆலைக்கும் ஊருக்கு வெளியே தனிச்சாலை போட்டு நெடுஞ்சாலையில் சேர்த்துவிட்டால்தான் கடைவீதி பிழைக்கும். கட்டடம் எழும் மண்டலக் கட்டம் ஒன்றின் பக்கம் 8 மீட்டர். நம் வரிசை வீட்டு மனை 20-க்கு 70 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் முகப்பு. அதனால் அச்சு அசலாக வராது, கொஞ்சம் அகலமாகவே தெரியும். இலவசமாகக் கிடைக்கும் வட்டாரத் தொகுப்புகளில் பிரிட்டன் தொகுப்பின் வரிசை வீடுகள் ஓரளவு ஒத்துவரும். தென்கிழக்காசியாவுக்கென்று அதிகாரபூர்வத் தொகுப்பு கிடையாது. ஜப்பானுக்கும் சீனாவுக்கும் செய்தவர்கள் இதையும் செய்திருக்கலாம்.

வேளாண் பகுதியை வளமான நிலத்தின் மேல் நாமே எல்லை வரைந்து அமைக்கலாம். தானியம், காய்கறி, பருத்தி, கால்நடை உண்டு. செம்பனையும் ரப்பரும் இல்லை. தோற்றத்துக்காக வேண்டுமானால் 'பீச் பிராப்பர்டீஸ்' தொகுப்பில் பனை வகை மரங்கள் உள்ளன. 'லைன் டூல்' என்ற நீட்டிப்பில் இடைவெளியை எண்ணாகவே கொடுத்து வரிசையாக நடலாம். நம் தோட்டங்களில் செம்பனை 9 மீட்டர் முக்கோணமாகத்தான் நடப்படும். ஆகவே மரத்துக்கு மரம் 9 மீட்டர், வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர், ஒன்றுவிட்ட வரிசையை நாலரை மீட்டர் தள்ளி நடுங்கள். மேலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிரை நேராக ஓடும், தோட்டம் தோட்டமாகவே தெரியும். ஆனால் இந்தக் கணக்கில் ஹெக்டருக்கு ஏறக்குறைய 142 மரம். 20 ஹெக்டர் நட்டால் 2,800-க்கு மேல் போய்விடும். கார்டு சுமாராக இருந்தால் சாலையோரம் நாலைந்து நிரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அதற்கப்பால் தெரியப்போவதில்லை.

பொருளாதாரத்தில்தான் இந்த விளையாட்டு ரொம்ப நாள் ஏமாற்றியது. தொடக்கத்தில் அரசு மானியம் என்று ஒன்று வந்துகொண்டே இருக்கும். நஷ்டத்தில் ஓடும் ஊரும் விழாது. வரியை ஏற்றினாலும் இறக்கினாலும் பெரிய மாற்றம் இல்லை. தோற்க முடியாத ஆட்டத்தில் ஜெயிப்பதற்கு என்ன இருக்கிறது? 2024 ஜூனில் வந்த பெரிய திருத்தம் மானியத்தை எடுத்துவிட்டது, வெளியிலிருந்து வாங்கும் சேவைகளுக்குக் கட்டணம் போட்டது, வாடகைக் கணக்கை மாற்றியது, வாங்கிய நிலத்துண்டுகளுக்குப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தது. வரைபடத்தில் 441 துண்டுகள் இருக்கின்றனவே என்று ஆரம்பத்திலேயே வாங்கிக் குவித்தால் இப்போது கையைக் கடிக்கும். தேவைப்படும்போது மட்டும் வாங்குங்கள். பள்ளியும் மருத்துவமனையும் மக்கள் வருவதற்கு முன்பே பெரிதாகக் கட்டுவதுதான் புதியவர்கள் திவாலாவதற்கு அடுத்த காரணம். எல்லாவற்றிலும் சின்னதைக் கட்டி, கூட்டம் சேர்ந்தபின் இணைப்புக் கட்டடத்தால் விரிவாக்குங்கள். ஆட்டம் இப்போது நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆழமாக இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை. இரும்பு ஆலையை மூடினால் அதை நம்பிய அடுத்த ஆலை என்ன ஆகும் என்பதெல்லாம் எண்களில் இருக்கிறது, ஊரின் முகத்தில் தெரிவதில்லை.

மேலே சொன்ன 'பீச் பிராப்பர்டீஸ்' என்ற கடற்கரை வீட்டுத் தொகுப்பு 2024 மார்ச்சில் காசுக்கு வந்தது. விளையாட்டே சரியாகாத நேரத்தில் வீடு விற்றதற்கு ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தந்து, தொகுப்பை இலவசமாக்கினார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் இன்னொரு அறிவிப்பு: உருவாக்கிய கொலோசல் ஆர்டர் விலகுகிறது, 2026 முதல் வெளியீட்டாளர் பாரடாக்ஸின் சொந்த நிறுவனமான ஐஸ்ஃபிளேக் பொறுப்பேற்கிறது. இரண்டுமே பின்லாந்தின் டம்பெரே நகரத்தவை. இனிமேல் வரப்போவதை எண்ணி வாங்காதீர்கள், இன்று கையில் கிடைப்பது போதுமா என்று மட்டும் பாருங்கள்.

நீட்டிப்புகள் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் இல்லை, விளையாட்டுக்குள்ளேயே பாரடாக்ஸ் மாட்ஸ் வழியாக வருகின்றன. ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கும் சில நீட்டிப்புகள் உடையும். எதுவும் சேர்க்காத வெற்றுத் தொகுதி (பிளேசெட்) ஒன்றைத் தனியாக உருவாக்கி வைத்திருங்கள். திருத்தம் வந்த அன்று ஆட்டம் திறக்காவிட்டால் அந்தத் தொகுதிக்கு மாறிப் பாருங்கள். திறந்தால் குற்றம் நீட்டிப்பில்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எது என்று பிடிபட்டுவிடும். அதுவரை பழைய ஊரைத் திறந்து அதன் மேலேயே சேமித்துவிடாதீர்கள்.

கடைசியாக மின்னல். சாயங்கால இடி மழையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அன்றைய வேலை அத்தனையும் போகும். பொதுவான அமைப்புகளில் தானியங்கிச் சேமிப்பு இயங்குகிறதா என்று முதல் நாளே பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். சேமித்த ஊர்கள் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் 'லோக்கல்லோ', அதற்குள் 'கொலோசல் ஆர்டர்', 'சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2', 'சேவ்ஸ்' என்ற வழியில் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைகோப்புகளைக் காட்டச் சொன்னால் தெரியும். ஒவ்வொரு ஊருக்கும் சி.ஓ.கே என்று முடியும் கோப்பு ஒன்று, அதே பெயரோடு சி.ஐ.டி என்று முடியும் குட்டிக் கோப்பு ஒன்று. நகலெடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுங்கள். குட்டிக் கோப்பை விட்டுவிட்டால் ஊர் பட்டியலில் வராமல் போகலாம். வானம் இருட்டியதும் சேமித்து, கணினியின் மின்கம்பியோடு மோடத்தின் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். தொலைபேசிக் கம்பி வழியாக இறங்கும் மின்னலுக்குப் பல யுபிஎஸ்களில் காவல் இல்லை.