டிசம்பர் 25: சூரியன் விழாவா, மார்ச் மாதக் கணக்கா?

கிறிஸ்து பிறப்பு விழா டிசம்பர் 25இல் அமைந்ததற்கு இரண்டு விளக்கங்கள் கூறப்படுகின்றன. பலரும் அறிந்த முதல் விளக்கத்தின்படி, 274இல் பேரரசர் அவுரேலியன் ரோமில் 'வெல்லப்படாத சூரியன்' என்னும் தெய்வத்துக்குக் கோயில் எடுத்து அவ்வழிபாட்டை உயர்த்தினார். அத்தெய்வத்தின் பிறந்தநாளையே திருச்சபை தனதாக்கிக்கொண்டது. ஆனால் அச்சூரிய விழாவை டிசம்பர் 25இல் குறிக்கும் மிகப் பழைய சான்று 354ஆம் ஆண்டின் ரோமானியத் தொகுப்பு ஒன்றே. கிறிஸ்துவின் பிறப்பையும் அதே நாளில் குறிப்பது அதே தொகுப்புதான் என்பதால், எது முந்தியது என்று அதைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது. கிறிஸ்துமஸின் மூலமாகப் பெரிதும் பேசப்படும் சாட்டர்னாலியா என்னும் பழைய ரோமானிய விழாவோ டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது விளக்கம் வேறு வழியில் செல்கிறது. இயேசு சிலுவையில் இறந்த நாளை மார்ச் 25 எனக் கணித்த மேற்கத்தியக் கிறிஸ்தவர்கள், அவர் கருவானதும் அதே நாளில்தான் என நம்பினர். பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் இந்நம்பிக்கையைப் பதிவு செய்துள்ளார். அதிலிருந்து ஒன்பது மாதங்களை எண்ணினால் டிசம்பர் 25 வருகிறது. கிழக்கத்தியக் கிறிஸ்தவர்கள் அந்த இறப்பு நாளாகக் கணித்த ஏப்ரல் 6இலிருந்து அவ்வாறே எண்ணினால், அவர்கள் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய ஜனவரி 6 கிடைப்பது இதற்கு வலுவூட்டுகிறது. சூரிய விழாவைக் கொண்டு இந்த ஜனவரி 6ஐ விளக்குவது கடினம். ஆகவே நாளைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது விளக்கமே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பச்சிலை அலங்காரம், பரிசளிப்பு போன்ற வழக்கங்களில் பழைய ரோமானியச் சாயல் இருப்பதை இது மறுப்பதாகாது.