செப்டிக் மேட்டைச் சமப்படுத்திய புல்வெளிக்காரர்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் வீட்டுச் செப்டிக் மேடு (செப்டிக் டேங்கிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணுக்குள் வடியவிடும் மணல்மேடு) குண்டும் குழியுமாகி, புல்வெட்டும் மெஷினைத் தள்ளவே முடியவில்லை. வந்த குழு டிராக்டரை மேட்டுக்குக் கீழேயே நிறுத்தியதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எடை ஏறினால் உள்ளே மண் இறுகி, கழிவுநீர் வடியாது. ஈரம் இருக்கிறதா என்று மண்ணைக் கையில் பிசைந்து பார்த்தார்கள். எங்கேயும் கிளறவில்லை, கைவண்டியில் மேல்மண் கொண்டுவந்து, பள்ளங்களில் மட்டும் மெல்லிசாகப் பரப்பி இழுத்துவிட்டார்கள். தடிமனாகக் கொட்டினால் அடியில் காற்று போகாது. உள்ளே நீர் தேங்குகிறதா என்று பார்ப்பதற்கான கண்காணிப்புக் குழாய்களைப் புதைக்காமல் விட்டதற்குத் தனிப் பாராட்டு! அப்புறம் ஃபெஸ்க்யூ புல்விதை, மேலே வைக்கோல். கூலி அதிகம்தான், ஆனால் இந்தக் கவனத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு ஓரத்தில் மட்டும் வைக்கோல் போதாமல் மழை விதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி தூவித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.